நுண்மணிக்குள் மருந்து ஏன் தங்கவில்லை?

எம்.ஃபார்ம். இறுதியாண்டு மாணவி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய ஆய்வு, முழங்கால் மூட்டுக்குள் ஊசி மூலம் செலுத்தி 28 நாள் மருந்து கசியவிடும் ஜெலட்டின் நுண்மணிகள் (மைக்ரான் அளவிலான உருண்டைகள்). மருந்து, வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக் சோடியம். 10 சதவீத ‘பி’ வகை ஜெலட்டின் கரைசல் 10 மி.லி., அதில் 100 மி.கி. மருந்து. இதை ஸ்பான் 80 கலந்த லிக்விட் பாரஃபினில் பால்மமாக்கி, 25 சதவீத குளுட்டரால்டிஹைடு 2 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குறுக்குப் பிணைப்பு (ஜெலட்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி வலையாக்குவது) செய்கிறார். டயாலிசிஸ் பையில் கட்டிப் பார்த்தால் 6 மணி நேரத்தில் 62 சதவீத மருந்து வெளியே வந்துவிடுகிறது. கைடு சொன்னபடி குளுட்டரால்டிஹைடை 4 மி.லி. ஆக்கியதும் மணிகள் பழுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெளியீட்டு வேகம் பெரிதாகக் குறையவில்லை, உள்ளே இருக்கும் மருந்தின் அளவு மட்டும் குறைவாகக் காட்டியது. மி.லி.க்கு 100 மி.கி. வீதம் கலந்து 23 கேஜ் ஊசியில் தள்ளினால் அடைத்துக்கொள்கிறது. ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு மாதம்தான் இருக்கிறது.

கூடவே நான்கு கேள்விகள். உடலில் சிதையும் செயற்கைப் பாலிமரான பிஎல்ஜிஏவுக்கு மாறிவிடலாமா? முதல் 6 மணி நேரத் தரவை விட்டுவிட்டு வரைபடம் போடலாம் என்று ஒரு சீனியர் சொல்கிறாரே, சரியா? காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா? நான்காவது கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது: “ஜெலட்டின் சாப்பிடும் பொருள்தானே. மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்படும் அப்பாவுக்கு, டாக்டரான என் அண்ணன் மூலம் ஒரு சிறு அளவு போட்டுப் பார்க்கலாமா?”

அந்தக் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்கிறேன். கூடாது. எவ்வளவு சிறிய அளவானாலும் கூடாது.

அப்பாவின் வலியைத் தினமும் பார்க்கும் உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வாய் வழியே போகும் ஜெலட்டினைக் குடல் செரித்துவிடும். மூட்டுக்குள் போகும் ஜெலட்டினுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சாதாரண ஆய்வக ஜெலட்டினில் பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்ற நச்சு நிறைய இருக்கலாம். ஊசி மருந்துக்கான பொது வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 5 எண்டோடாக்சின் அலகு. உங்கள் மணிகளில் எவ்வளவு என்று நீங்கள் அளக்கவே இல்லை. கழுவியும் போகாத குளுட்டரால்டிஹைடு செல்களைக் கொல்லும். ஒட்டியிருக்கும் பாரஃபின் எண்ணெய் உடலில் சிதையாது, திசுவில் கட்டியை உண்டாக்கும். மணிகளும் கிருமி நீக்கம் செய்யப்பட்டவை அல்ல. மூட்டுக்குள் கிருமி புகுந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு நிரந்தரமாகப் பாழாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, போட்ட மணிகளைத் திரும்ப எடுக்க வழியில்லை. மாத்திரையில் ஒவ்வாமை வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிடலாம், இதில் அது நடக்காது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. புதிய ஊசி மருந்தை மனிதரிடம் சோதிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், எழுத்துபூர்வச் சம்மதம் மூன்றும் வேண்டும். உறவினர் என்பதால் விலக்கு கிடையாது. உங்கள் அண்ணன் தன் மருத்துவப் பதிவையே இழக்க நேரிடலாம். முயலிலோ எலியிலோ போடுவதற்கும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அப்பாவை எலும்பு மூட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, மேலே பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் எல்லாம் பலன் நிரூபிக்கப்பட்டவை.

இனி ஆய்வகத்துக்கு வருவோம்.

குளுட்டரால்டிஹைடு குறையவில்லை, மிதமிஞ்சி இருக்கிறது

கைடு சொன்ன திசையில் போகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குளுட்டரால்டிஹைடு பிடித்துக்கொள்வது ஜெலட்டினின் லைசின், ஹைட்ராக்சிலைசின் பகுதிகளில் உள்ள அமின் தொகுதிகளை. ஒரு கிராம் ஜெலட்டினில் இவை சுமார் 0.3 மில்லிமோல்தான். நீங்கள் எடுத்த ஜெலட்டின் சரியாக ஒரு கிராம்.

25 சதவீதக் கரைசல் 2 மி.லி.யில் குளுட்டரால்டிஹைடு 0.5 கிராம், அதாவது 5 மில்லிமோல். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு ஆல்டிஹைடு முனைகள் இருப்பதால் 10 மில்லிமோல் ஆல்டிஹைடு. பிடித்துக்கொள்ள இருப்பதோ 0.3 மில்லிமோல் அமின். முதல் தொகுப்பிலேயே 30 மடங்குக்கு மேல் போட்டிருக்கிறீர்கள். 4 மி.லி. ஆக்கியபோது அது 60 மடங்கைத் தாண்டியது.

இணைய வேண்டிய அமின்கள் எப்போதோ தீர்ந்துபோயின. அதற்குமேல் சேர்ந்த குளுட்டரால்டிஹைடு ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு மறுமுனையை நீட்டிக்கொண்டு நிற்கும், அல்லது தன்னோடு தானே சேர்ந்து நீளும். நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் இதிலிருந்து வருவது. ஒட்டாமல் நீட்டி நிற்கும் அந்த முனைகள்தான் பின்னால் திசுவைத் தாக்கும்.

மணிகள் ஒட்டிக்கொண்டதற்கு அளவு மட்டும் காரணமல்ல, சேர்த்த விதமும் காரணம். எண்ணெய்க்குள் விடும் 25 சதவீதக் கரைசல் நீர்க் கரைசல். அது தனி நீர்த்துளியாகச் சுற்றி, ஜெலட்டின் துளிகளோடு மோதி, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைக்கும். மோதிய இடத்தில் மணி கல்லாகவும் மோதாத இடத்தில் குழைவாகவும் இருக்கும்.

எவ்வளவு பிணைந்தது என்பதை ஊற்றிய மி.லி. கணக்கில் எழுதாதீர்கள். டிஎன்பிஎஸ் அல்லது நின்ஹைட்ரின் சோதனையில் மிஞ்சியிருக்கும் அமின்களை அளந்து, எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று எழுதுங்கள். ஆய்வேட்டைத் திருத்துபவர் முதலில் தேடும் எண் இதுவாகத்தான் இருக்கும்.

மருந்தை உள்ளே எது பிடித்து வைக்கிறது?

உங்கள் கடிதம் முழுக்க வலையை எப்படி இறுக்குவது என்ற கேள்விதான் இருக்கிறது. அந்த வலைக்கு டைக்ளோஃபெனாக்கைப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்ய முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். நீரில் ஊறிய ஜெலட்டின் வலையின் கண்கள் பல நானோமீட்டர் அகலம். டைக்ளோஃபெனாக் மூலக்கூறு ஒரு நானோமீட்டர் அளவுதான். சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கி அதில் நீரைத் தேக்க முடியாது.

இதையும் எண்களில் பாருங்கள். நீரில் இத்தகைய சிறு மூலக்கூறின் விரவல் கெழு (பரவும் வேகத்தின் அளவு) வினாடிக்குச் சுமார் 500 சதுர மைக்ரான். ஊறிய மணியின் ஆரம் 75 மைக்ரான் என்றால் ஆரத்தின் வர்க்கம் சுமார் 5,600. ஆரத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவால் வகுத்தால், மருந்து வெளியேற ஆகும் காலம் தோராயமாகக் கிடைக்கும்: தடையே இல்லாவிட்டால் 11 வினாடி. இறுக்கமான வலை நூறு மடங்கு தடுத்தால் சுமார் 19 நிமிடம். ஆயிரம் மடங்கு தடுத்தால் சுமார் 3 மணி நேரம். 28 நாள் என்பது 24 லட்சம் வினாடி. அதை எட்ட வலை சுமார் 2 லட்சம் மடங்கு தடுக்க வேண்டும். ஊறிய புரத வலை எதுவும் அதைச் செய்யாது.

ஆகவே மருந்து மணிக்குள் தங்க வேறொரு காரணம் இருந்தாக வேண்டும். மின்சுமையாலோ பிணைப்பிடத்தாலோ மருந்து புரதத்தோடு ஒட்டியிருக்கலாம். நீரில் எளிதில் கரையாத படிகமாக உள்ளே கிடக்கலாம். அல்லது வலைக்கண்ணை விடப் பெரிய மூலக்கூறாக இருக்கலாம். உங்கள் கலவையில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. மருந்து சிறியது. பிஎச் 7.4இல் நன்றாகக் கரைகிறது. மின்சுமையோ எதிராகவே இருக்கிறது: ‘பி’ வகை ஜெலட்டினின் சமமின் புள்ளி (மொத்த மின்சுமை பூச்சியமாகும் பிஎச்) 5ஐ ஒட்டியது, எனவே உடலின் பிஎச்சில் அது எதிர்மின் சுமை கொண்டது. டைக்ளோஃபெனாக்கும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சமமின் புள்ளி 7 முதல் 9 வரை உள்ள ‘ஏ’ வகை கொஞ்சம் தேவலாம். ஆனால் குளுட்டரால்டிஹைடு தின்றுவிடுவதும் அந்த நேர்மின் அமின்களைத்தான். எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு பிடிமானம் போகிறது.

“ரத்தப் புரதமான ஆல்புமின் டைக்ளோஃபெனாக்கை 99 சதவீதத்துக்கு மேல் பிணைக்கிறதே, ஆல்புமின் மணி செய்யலாமா” என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். யோசனை நல்லது, ஆனால் கொள்ளளவு போதாது. ஆல்புமினின் மூலக்கூறு எடை 66,500. டைக்ளோஃபெனாக் சோடியத்தினுடையது 318. ஒன்றுக்கு ஒன்று பிணைந்தால் ஒரு கிராம் ஆல்புமின் 4.8 மி.கி. மருந்தைத்தான் பிடிக்கும். இரண்டு வலுவான இடங்கள் என்று வைத்தாலும் 10 மி.கி.க்குள் அடங்கும். நீங்கள் ஏற்ற நினைப்பது கிராமுக்கு 100 மி.கி. மீதி 90 மி.கி. கிட்டத்தட்ட கட்டற்று நிற்கும். சூடாக்கி இறுக்கினால் ஆல்புமினின் வடிவம் குலைந்து, இருக்கும் இடங்களும் கெட்டுவிடும்.

இப்போது உங்கள் 62 சதவீதத்தைத் திரும்பப் பாருங்கள். கணக்குப்படி 3 மணி நேரத்துக்குள் முடிய வேண்டியது 6 மணி நேரத்தில் 62தான் வந்திருக்கிறது என்றால், மருந்தைத் தாமதப்படுத்தியது மணியா, டயாலிசிஸ் பையா? மணியே இல்லாமல் அதே அளவு மருந்துக் கரைசலை மட்டும் பையில் கட்டி வெளியீட்டை அளந்து பாருங்கள். இரண்டு வளைகோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால், இதுவரை நீங்கள் பையைத்தான் அளந்துகொண்டிருந்தீர்கள் என்று பொருள்.

பையை விட்டுவிடுங்கள். 10 மி.கி. மணியை 10 மி.லி. தாங்கல் கரைசலில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) நேரடியாகப் போட்டு, 37 டிகிரியில் மெதுவாக ஆட்டி, 5, 15, 30 நிமிடம், 1, 2, 4, 8, 24 மணி என மாதிரி எடுங்கள். நிமிடக் கணக்கிலான மாதிரிகளுக்கு மையவிலக்கு நேரத்தைத் தின்னும். 0.45 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டி பயன்படுத்துங்கள். வடிகட்டி மருந்தை உறிஞ்சுகிறதா என்று தெரிந்த செறிவில் ஒருமுறை சரிபாருங்கள்.

அளக்கும் முறையிலும் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. நீங்கள் யுவி (புற ஊதா) ஒளியில் 276 நானோமீட்டரில் அளக்கிறீர்கள். பிணைப்பில் சேராத குளுட்டரால்டிஹைடு 280ஐ ஒட்டி ஒளியை உறிஞ்சும், கரைந்து வரும் ஜெலட்டினும் அங்கே கொஞ்சம் காட்டும். மருந்தில்லா மணிகளை அதே நாளில், அதே எடையில், அதே நேரங்களில் அளந்து கழித்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

4 மி.லி. தொகுப்பில் மருந்து குறைவாகக் காட்டியது, பெரும்பாலும் பிரித்தெடுக்க முடியாததால் வந்த குறை. அவ்வளவு கெட்டித்த மணி வெறும் தாங்கல் கரைசலில் முழுதாகக் கரையாது. டிரிப்சின் போன்ற நொதியால் பிஎச் 7.4ஐ ஒட்டிச் செரிக்க வைத்து அளக்க வேண்டும். பெப்சினை எடுத்துவிடாதீர்கள். அது அமிலத்தில் வேலை செய்வது, டைக்ளோஃபெனாக்கோ அமிலத்தில் வீழ்படிவாகி உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஊசி அடைப்பது

அளந்தது உலர்ந்த மணியின் விட்டம், ஊசியில் போவது ஊறிய மணி. மணியின் கன அளவு 8 மடங்கு ஊதினால் விட்டம் இரட்டிக்கும். நீங்கள் எழுதிய 60–90 மைக்ரான், ஊசிக்குள் 120–180 மைக்ரான். 23 கேஜ் ஊசியின் உள்விட்டம் சுமார் 340 மைக்ரான். இரண்டு மணிகள் பக்கவாட்டில் வந்தாலே துவாரம் நிறைந்துவிடும்.

செறிவும் அதிகம். 100 மி.கி. உலர் ஜெலட்டினின் கன அளவு சுமார் 0.077 மி.லி. 8 மடங்கு ஊதினால் 0.6 மி.லி. ஒரு மி.லி.யில் 60 சதவீதம் மணி என்றால் அது தொங்கல் அல்ல, பசை. உருண்டைகளைக் குலுக்கி நெருக்கமாக அடைத்தாலே 64 சதவீதத்தைத்தான் எட்டும். மி.லி.க்கு 40 மி.கி.யில் தொடங்குங்கள். சல்லடையால் 25 முதல் 75 மைக்ரான் வரை உள்ளதை மட்டும் எடுங்கள். 10 மைக்ரானுக்குக் குறைந்தவற்றை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிவிடும் என்பதால் பொடியையும் கழிக்க வேண்டும். கலக்கும் திரவம் 0.5 சதவீத சோடியம் சிஎம்சி, 5 சதவீத மேனிட்டால், 0.1 சதவீத ட்வீன் 80. ஊசி 21 கேஜ், உள்விட்டம் சுமார் 510 மைக்ரான்.

சந்தைக்கு வந்த ஒன்றோடு ஒப்பிட்டால் இடம் எவ்வளவு குறைவு என்று புரியும். மாதம் ஒருமுறை தசையில் போடும் நால்ட்ரெக்ஸோன் பிஎல்ஜிஏ நுண்மணி 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 380 மி.கி. மருந்து, கிராமுக்கு 337 மி.கி. ஏற்றம், ஊசியின் அளவு சுமார் 4 மி.லி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மருந்தாக இருந்தும் அவ்வளவு பெரிய ஊசி. உங்கள் மணியில் பத்தில் ஒரு பங்குதான் மருந்து. எத்தனை மி.கி. மருந்து, எத்தனை மி.கி. மணி, எத்தனை மி.லி. ஊசி என்ற மூன்று எண்களை எந்தத் திட்டத்துக்கும் முதல் நாளே எழுதிப் பார்க்க வேண்டும்.

உங்கள் முன் உள்ள வழிகள்

பிஎல்ஜிஏவுக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1989இல் வந்த, புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூப்ரோலைடு பிஎல்ஜிஏ மாத ஊசி வெற்றி பெற்றதற்கு ஒரு பெரிய காரணம், மாதம் முழுவதற்கும் 7.5 மி.கி. போதும் என்பது. முழங்காலுக்கான டிரையாம்சினோலோன் (ஒரு ஸ்டீராய்டு) பிஎல்ஜிஏ நுண்மணி 2017இல் அனுமதி பெற்றது. அதில் இருப்பது 32 மி.கி., அதுவும் நீரில் மிகக் குறைவாகக் கரையும் மருந்து. நீரில் கரையும் டைக்ளோஃபெனாக் சோடியம், பிஎல்ஜிஏ செய்முறையில் வெளி நீர்ப்படலத்துக்கே ஓடிவிடும். உங்கள் பழைய தொல்லையைப் புதிய கரைப்பான்களோடு முதலிலிருந்து தொடங்குவீர்கள். நான்கு மாதம் அதற்குப் போதாது.

ஜெலட்டினையும் டைக்ளோஃபெனாக்கையும் வைத்துக்கொண்டு இலக்கை 28 நாளிலிருந்து சில மணி நேரத்துக்குக் குறைப்பது நேர்மையான வழி. ஆனால் சில மணி நேரத்துக்காக மூட்டில் ஊசி போடுவதற்குக் காரணம் சொல்வது கடினம்.

நான் சொல்லும் வழி, மணியை வைத்துக்கொண்டு மருந்தை மாற்றுவது. உங்களிடம் உள்ள அதே ‘பி’ வகை ஜெலட்டின், நேர்மின் சுமை கொண்ட புரதங்களைப் பிடிக்கும். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் தபாட்டாவும் இகாடாவும் வளர்ச்சிக் காரணிப் புரதங்களை ஜெலட்டின் ஜெல்லில் நிறுத்தியது இந்த அடிப்படையில்தான். வளர்ச்சிக் காரணிகள் விலை அதிகம். மாதிரிப் புரதமாக, முட்டை வெள்ளையில் உள்ள லைசோசைம் நொதியை எடுங்கள். மூலக்கூறு எடை 14,300, சமமின் புள்ளி 11ஐ ஒட்டியது, விலை குறைவு, செயல்திறனை அளக்கும் சோதனையும் எளிது. ஒட்டிக்கொண்ட புரதம், வலை சிதையும்போது அதோடு சேர்ந்து வெளியேறும். இங்கேதான் குறுக்குப் பிணைப்பின் அளவு வெளியீட்டை உண்மையிலேயே ஆளும். டைக்ளோஃபெனாக் தரவும் வீணாகாது. சிறு மூலக்கூறு ஏன் தங்காது என்பதற்கான ஒப்பீட்டு அத்தியாயமாக நிற்கும்.

செய்முறையில் முக்கிய மாற்றம் ஒன்று உண்டு: மருந்தில்லா மணியை முதலில் செய்து, பிணைத்து, சுத்தமாகக் கழுவி, அதன்பின் மருந்தை ஏற்ற வேண்டும். லைசோசைமிலும் லைசின்கள் இருக்கின்றன. முதலிலேயே கலந்தால் குளுட்டரால்டிஹைடு அதையும் ஜெலட்டினோடு சேர்த்துக் கட்டிவிடும்.

1. ஜெலட்டின் கரைசல், எண்ணெய் இரண்டும் 50 டிகிரியில் இருக்கட்டும். எண்ணெய் குளிர்ந்திருந்தால் துளி உருண்டையாகும் முன்பே உறைந்து கோணல்மாணலாகும். நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் கலக்கி, கலக்கியபடியே 5 டிகிரிக்குக் குளிர்வியுங்கள். அரை மணி கழித்துக் குளிர்ந்த அசிட்டோன் 50 மி.லி. சேர்த்து வடிகட்டி, அசிட்டோனில் மூன்று நான்கு முறை அலசுங்கள். எண்ணெய் இங்கேயே போக வேண்டும், பிறகு போகாது. பிணைப்பு முடியும்வரை மணிகள் வெதுவெதுப்பான நீரைத் தொடக்கூடாது, கரைந்துவிடும்.

2. ஒரு கிராம் மணிக்கு 100 மி.லி. குளிர்ந்த குளுட்டரால்டிஹைடு கரைசல், அதில் 0.1 சதவீத ட்வீன் 80. செறிவு 2.5, 5, 10 மில்லிமோலார் என மூன்று தொகுப்பு. அதாவது கிராமுக்கு 0.25, 0.5, 1 மில்லிமோல். 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாகக் கலக்குங்கள். இதன் ஆவி மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே பாட்டிலைத் திறக்காதீர்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள்.

3. 100 மில்லிமோலார் கிளைசினில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம். ஒட்டாமல் நிற்கும் ஆல்டிஹைடு முனைகளை இது அடைத்துவிடும். பிறகு மூன்று முறை நீரில் கழுவி உறைந்துலர்த்துங்கள்.

4. 100 மி.கி. உலர் மணி எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அதைவிடச் சற்றுக் குறைந்த அளவு, உதாரணமாக 0.5 மி.லி., உப்புக் குறைந்த தாங்கல் கரைசலில் 5 மி.கி. லைசோசைமைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முழுக் கரைசலும் உள்ளே போய்விடுவதால் கழுவும்போது இழப்பு என்பதே இல்லை. 4 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள்.

வெளியீட்டை இரண்டு ஊடகங்களில் பாருங்கள். நொதியில்லாத பிபிஎஸ்சில் (பாஸ்பேட் உப்புத் தாங்கல் கரைசல்) முதல் நாள் ஒரு பகுதி வந்து பிறகு நின்றுவிடும். உப்பு பிடிமானத்தைத் தளர்த்துவதால் வருவது அந்த முதல் பகுதி. மீதியை வெளியே கொண்டுவர, ஜெலட்டினைச் சிதைக்கும் கொலாஜினேஸ் நொதி வேண்டும். அதை பிபிஎஸ்சில் போடாதீர்கள். கொலாஜினேஸுக்குக் கால்சியம் தேவை, பாஸ்பேட் கால்சியத்தை வீழ்படிவாக்கிவிடும். ட்ரிஸ் தாங்கல் கரைசலில் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்துப் பயன்படுத்துங்கள். வெளிவந்த புரதத்தின் அளவை மட்டும் எழுதினால் போதாது, அதில் எத்தனை சதவீதம் இன்னும் வேலை செய்கிறது என்பதையும் அளங்கள்.

“புரதம்தானே, உடல் ஏற்காதா?”

கடிதத்தில் இரண்டு இடத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். உடலில் சிதைவது வேறு, உடல் ஏற்பது வேறு. அந்நியப் புரதத்தை நுண்துகளாக்கி, மெதுவாகக் கசியும்படி ஓரிடத்தில் வைப்பது, தடுப்பூசியில் எதிர்ப்பாற்றலைத் தூண்டக் கையாளும் உத்தி. பிணைக்கப்பட்ட புரதம் இயற்கை வடிவிலிருந்து மாறியும் இருக்கிறது. 1981இல் அனுமதி பெற்ற மாட்டுக் கொலாஜன் தோல் நிரப்பிக்கு முன்கூட்டியே தோல் சோதனை கட்டாயமாக இருந்தது இந்தக் காரணத்தால்தான்.

ஆல்புமின் ஆய்வுகளிலும் இந்தக் குழப்பம் வரும். மனித ஆல்புமின் மணியை எலிக்குப் போட்டால் எலிக்கு அது அந்நியம். அங்கே வரும் அழற்சியை வைத்து மனிதருக்கு முடிவு சொல்ல முடியாது. கிருமி நீக்கத்தைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு பத்தியாவது எழுதுங்கள். மணிகளை 0.22 மைக்ரானில் வடிகட்ட முடியாது, ஆட்டோகிளேவின் ஈரச் சூடு அவற்றைக் கெடுக்கும், 25 கிலோகிரே காமா கதிர் புரதத்தைச் சேதப்படுத்தும். கரைசல்களைத் தனித்தனியே வடிகட்டி, தொடக்கம் முதல் முடிவு வரை கிருமியற்ற சூழலில் செய்வதே மிஞ்சும் வழி.

தரவும் காப்புரிமையும்

முதல் 6 மணி நேரத்தை மறைத்து வரைபடம் போடுவது தரவுத் திரிப்பு. சீனியர் ஒருவேளை வேறொன்றை நினைத்திருக்கலாம். மேற்பரப்பு மருந்தைக் கழுவிவிட்டு, மிஞ்சியதை 100 சதவீதமாக வைத்து வெளியீட்டை அளக்கும் முறை உண்டு. அது தவறல்ல. ஆனால் கழுவியதையும், அதில் எவ்வளவு மருந்து போனது என்பதையும், குறைந்துபோன ஏற்ற அளவையும் எழுதியாக வேண்டும். திருத்துபவர் மூலத் தரவைக் கேட்டால் காட்டக்கூடிய நிலையில் இருங்கள்.

காப்புரிமைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. குளுட்டரால்டிஹைடால் பிணைத்த ஜெலட்டின் மணி பல பத்தாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, அதில் புதுமை இல்லை. பின்னால் புதிதாக ஏதாவது கிடைத்தால் வரிசை முக்கியம். கட்டுரை மட்டுமல்ல, கருத்தரங்கச் சுவரொட்டியும் பொதுவெளியில் இருக்கும் ஆய்வேடும் ‘வெளியிட்டது’ என்றே கருதப்படும். பல நாடுகளில் அந்த நாளோடு புதுமை போய்விடும். அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாடுகளில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. முதலில் தற்காலிக விண்ணப்பம், பிறகு வெளியீடு. உரிமை பெரும்பாலும் கல்வி நிறுவனத்துக்குப் போகும், சேரும்போது கையெழுத்திட்ட விதிகளைப் படியுங்கள். ஆனால் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் பெயர் வருவது பதவியைப் பொறுத்ததல்ல, யோசனையில் யாருக்குப் பங்கு என்பதைப் பொறுத்தது. தேதி போட்ட ஆய்வகக் குறிப்பேடுதான் அதற்குச் சாட்சி.

கைடிடம் போகும்போது அவர் சொன்னது தவறு என்று தொடங்காதீர்கள். வெறும் மருந்துக் கரைசல் வைத்த பையின் வளைகோடு, அமின் கணக்கு, 24 லட்சம் வினாடிக் கணக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பை சோதனைக்கு ஒரு நாள் போதும், அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். லைசோசைமுக்கு மாற அவர் ஒப்புக்கொண்டால் மணி செய்யவும் பிணைக்கவும் ஒரு மாதம், வெளியீட்டுச் சோதனைக்கு ஒன்றரை மாதம், எழுத மீதி நாட்கள் என்று கணக்கு சரியாக வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் தலைப்பில் இருக்கும் ‘28 நாள்’ என்பதையாவது நீக்கக் கேளுங்கள்.